சிற்றெறும்பை இனங்காணல்

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்னும் பழமொழியைக் கேட்டு வளராதார் நம்முள் இலர். முயற்சிக்கு உவமை கூற வேண்டுமாயினும், சேமிப்பின் சிறப்பை எடுத்துரைக்க வேண்டுமாயினும், ஒற்றுமையை வற்புறுத்த வேண்டுமாயினும், ஆசிரியர்களாகிய நாங்கள் முதலில் துணைக்கு அழைப்பது எறும்பைத்தான். எறும்பைப் பற்றிக் கட்டுரை எழுதாது பாடசாலையை விட்டு வெளியேறிய மாணவன் ஒருவனும் இரான். ஆயினும், எத்தனையோ ஆண்டுகளாக நான் திருத்திவந்த அக்கட்டுரைகளுள் ஒன்றிலேனும் “எந்த எறும்பு?” என்னும் வினா எழுந்ததில்லை. அவ்வினாவையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொள்ளுகிறேன்.

கண்டி மாநகரில் ஓர் இல்லத்தின் அடுக்களையிலே சீனிப் பேணியைச் சுற்றி வரிசையாகச் செல்வது யாது என்று கேட்டால், “சின்ன எறும்பு” என்பார்கள். முற்றத்தில் விளையாடும் குழந்தையின் காலைச் சுரீரெனக் கடித்தது யாது என்று கேட்டால், அதுவும் “சின்ன எறும்பு”தான். விறாந்தைச் சுவரில் தலைதெறிக்க ஓடுவதும் சின்ன எறும்பே. உலகில் விஞ்ஞானிகள் இதுவரை பெயரிட்டு வகுத்துள்ள எறும்பினங்கள் 14,000க்கு மேற்பட்டவை. நமது சின்னஞ்சிறு தீவில் மாத்திரம் 200க்கு மேற்பட்ட இனங்கள் வாழ்கின்றன. இவற்றுட் பெரும்பாலானவை உருவத்தாற் சிறியவை. ஆகவே, “சின்ன எறும்பு” என்னும் விடையினால் நாம் அறிந்துகொள்வது மிகச் சொற்பமே.

எறும்பின் இனத்தை அறிந்து ஆவதென்ன என்று நேயர்கள் கேட்கலாம். பயன் இரண்டு உண்டு. வீட்டுக்குள் வரும் எறும்பின் இனமும் இருப்பிடமும் தெரிந்தாலன்றி, அதன் தொல்லையைத் தீர்க்கும் வழி தெரியாது, இது முதற்பயன். இரண்டாவது பயன் இதனினும் பெரியது. கண்டி நகரத்தை அடுத்த காட்டிலே ஒருகாலத்தில் வாழ்ந்த ஒரு சிற்றெறும்பு, உலகத்து உயிர்நூல் வல்லார் யாவரும் தேடும் அரும்பொருளாகும். அதனை அடுக்களை எறும்பினின்றும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு, அஃது இருந்ததும் தெரியாது. இல்லாமற் போனதும் தெரியாது.

எறும்புகளைப் பிரித்தறிவது இக்காலத்து ஆராய்ச்சியாளருக்கே உரியது என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கண்டி நாட்டு மக்கள் இக்கலையில் முன்னரே தேர்ந்திருந்தனர். இதற்குச் சான்று கூறுபவர் ஓர் ஆங்கிலேயர். றொபேட் நொக்ஸ் என்னும் அந்தக் கப்பலோட்டி, 1660ஆம் ஆண்டிலே இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்துக் கிராமங்களிலே காவலில் வாழ்ந்தார். பின்னர்த் தப்பியோடித் தம் நாடு சேர்ந்து, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலிலே எறும்புகளுக்கென ஒரு பகுதி உண்டு.

நொக்ஸ் பட்டங்கள் பெற்ற விஞ்ஞானியல்லர். கிராமத்து மக்கள் சொல்லக் கேட்டதையும் தாம் கண்டதையும் எழுதினார். சிறிய, செந்நிறமான கூம்பியா என்பது ஒரு வகை. அதே அளவினதாய்க் கருமை பொருந்தி, பொந்து மரங்களிலும் உக்கிய கட்டைகளிலும் வாழ்வது வேறொரு வகை. மரக்கொம்புகளில் இலைகளை ஒன்றுசேர்த்துக் கூடமைக்கும் திமியா இன்னொரு வகை. இதனையே நாம் முசுறு என்கிறோம். நிலத்துள் வாழும், பளபளக்கும் கருநிறக் கடியா மற்றொன்று; அதன் கடி நெருப்புச் சுட்டதுபோல் இருப்பினும், தன்னைத் தீண்டாதாரை அது தீண்டாது என்று அவர் புகழ்கிறார். கறையானையும் அவர் எறும்போடு சேர்த்தே எண்ணினார்; இன்று அதனை வேறொரு குலத்தில் வைக்கின்றனர். ஆயினும் அவர் கையாண்ட முறையைக் கவனியுங்கள். நிறம் யாது? அளவு யாது? வாழும் இடம் யாது? தீண்டினால் என்ன செய்யும்? இந்த நான்கு வினாக்களும் இன்றைக்கும் பொருந்துவன. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றை மாத்திரம் இக்கால விஞ்ஞானம் சேர்த்துள்ளது. அஃது, இடை எத்தகையது என்பதாகும்.

எறும்பின் உடல் தலை, மார்பு, வயிறு என்னும் பகுதிகளாகத் தோன்றும். மார்பையும் வயிற்றையும் இணைக்கும் ஒடுங்கிய பகுதியே இடை. அவ்விடையிலே சிறு மணிபோன்ற கணு ஒன்று இருக்கலாம், இரண்டு இருக்கலாம். ஒரு கணுவுடையவை, இரு கணுவுடையவை என்னும் பாகுபாடு எறும்புக் குலத்தைப் பிரிப்பதில் முதற்படி போன்றது. தலையிலே இரண்டு உணர்கொம்புகள் உள்ளன. அவை நமது முழங்கைபோல் நடுவில் மடிந்திருக்கும். இவற்றைப் பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்றும், ஒரு வெள்ளைத் தாளும், சிறிது பொறுமையும் போதும். தாளின் நடுவிலே ஒரு துளி சீனிப்பாகு வைத்து, எறும்புகள் அதனைச் சூழ்ந்து உண்ணும்போது நோக்குங்கள். உண்ணும் எறும்பு அசையாது நிற்பதால், பிடிப்பதும் கொல்லுவதும் வேண்டா.

இனி நமது அடுக்களைக்கு வருவோம். கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டை முதலிய இடங்களிலே வீட்டினுள் காணப்படும் மிகச் சிறிய எறும்புகளுள் ஒன்றை இப்போது இனங்காண்போம். அதன் நீளம் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர். ஓர் எள்ளை இரண்டாகப் பிளந்தால் வரும் அளவு என்று கொள்ளலாம். வெறுங்கண்ணால் நோக்கும்போது, சிறு கரும்புள்ளிகள் தாமாகவே நகர்வன போலத் தோன்றும். கண்ணாடி கொண்டு நோக்கினால்தான் உண்மை விளங்கும். தலையும் மார்பின் பெரும்பகுதியும் கபில நிறமாகவோ கருநிறமாகவோ இருக்க, வயிறும் கால்களும் பால்போல் வெளுத்து, ஏறக்குறைய ஒளி ஊடுருவும் தன்மையவாய் இருக்கும். வெள்ளைச் சீமேந்துச் சுவரிலோ பீங்கான் கோப்பையிலோ செல்லும்போது வெளுத்த பகுதி கண்ணுக்குப் புலனாகாது மறைந்துவிடுகிறது. கருந்தலை மாத்திரம் ஓடுகிறது. இதனாற்றான் ஆங்கிலேயர் இதனைப் “பேய் எறும்பு” என அழைக்கின்றனர்.

இதன் விஞ்ஞானப் பெயர் தப்பினோமா மெலனோசெபாலம். பின்னுள்ள சொல் கிரேக்க மொழியிற் “கருந்தலை” என்று பொருள்படும். ஆகவே நாமும் இதனைத் தமிழிற் கருந்தலைச் சிற்றெறும்பு என அழைத்தல் பொருத்தமாகும். இதன் இடையில் ஒரு கணுவே உண்டு. அதுவும் மிகத் தட்டையாய், மேற்புறத்தில் வயிறு கவிந்து மூடியிருப்பதால், கணுவே இல்லாததுபோலத் தோன்றும். இன்னுமோர் அடையாளம் மணமாகும். இவ்வெறும்பு நசுங்கினால், கெட்டுப்போன தேங்காயின் வாடை வீசும். தேங்காய் துருவிப் பழகிய நம் இல்லத்தரசிகளுக்கு இவ்வாடையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இதற்குக் கொட்டும் முள் இல்லை. மனிதர்மேல் ஊர்ந்தாலும் நோவு செய்வதில்லை.

இதனோடு மயங்கத்தக்க எறும்புகள் மூன்றைச் சொல்லி, வேறுபாட்டை விளக்குகிறேன்.

முதலாவது, பராவோன் எறும்பு. எகிப்திய மன்னரின் பெயரை இதற்கு 1758ஆம் ஆண்டிற் சூட்டியவர் சுவீடன் தேசத்து லின்னேயசு. நீளம் 2 மில்லிமீற்றர். உடல் முழுவதும் மஞ்சள் கலந்த கபில நிறமாயிருக்கும். வயிற்றின் நுனி மாத்திரம் சற்றுக் கறுத்திருக்கும். அதாவது, கருந்தலைச் சிற்றெறும்பில் முன்பாதி கருமை, பின்பாதி வெண்மை. இதிலோ பின்நுனியே கருமை. இடையில் இரு கணுக்கள் தெளிவாகத் தெரியும். இதுவும் சுவர் வெடிப்பிலும் மரச்சட்டங்களின் இடுக்கிலும் குடியிருக்கும். சீனியை மாத்திரமன்றி இறைச்சியையும் எண்ணெய்ப் பண்டங்களையும் இது விரும்பி நாடும்.

இரண்டாவது, நமது முற்றத்துச் செவ்வெறும்பு. சொலெனொப்சிஸ் ஜெமினாற்றா என்பது இதன் பெயர். செங்கபில நிறமுடையது, இடையில் இரு கணுக்கள் கொண்டது. ஒரே கூட்டில் சிறியனவும் பெரியனவுமான தொழிலெறும்புகள் இருக்கும். பெரியவற்றின் தலை உடலுக்குப் பொருந்தாத அளவு பருத்திருக்கும். இதன் இருப்பிடம் வெயில் விழும் வெறுநிலம். புல்லடியிலும், வீதியோரத்திலும், மரக்கறிப் பாத்தியிலும் பொடிமண்ணைக் குவித்துக் கூடு செய்யும். கூட்டை மிதித்தவர் காலைப் பல எறும்புகள் ஒருங்கே பற்றிக் கொட்டும். கொட்டிய இடத்தில் எரிவு உண்டாகும். இது நம் நாட்டு உயிர் என்றே பலர் எண்ணியிருப்பர். ஆனால் இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகள். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோ நாட்டு அக்கபுல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன் தீவின் மணிலாவுக்குச் சென்ற ஸ்பானிய வணிகக் கப்பல்களே இதனைக் கிழக்குலகிற்கு ஏற்றிவந்தன என்பது, எறும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்டு அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளர் கண்ட முடிவாகும்.

மூன்றாவது, ஓட்டக்கார எறும்பு. பராற்றிரெக்கினா லொங்கிகோணிஸ் என்பர். நீளம் 2.5 மில்லிமீற்றர் அளவு. நிறம் சாம்பல் கலந்த கருமை. கால்களும் உணர்கொம்புகளும் உடலுக்கு மிஞ்சிய நீளமுடையன. இதனை இனங்காண்பதற்குக் கண்ணாடியே வேண்டா, ஓட்டமே போதும். நேர்வழியிற் செல்லாது, இடமும் வலமும் வெட்டித் திரும்பி, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவாரைப்போல் ஓடும். கடிக்காத கறுத்த எறும்பைப் பிள்ளையார் எறும்பு என்று போற்றி விட்டுவிடும் வழக்கம் நம்மவரிடத்து உண்டன்றோ? அவ்வாறு விடப்படுவனவற்றுள் இதுவும் ஒன்று.

இங்ஙனம் நான்கு சிற்றெறும்புகளைப் பார்த்தோம். கருந்தலையும் வெண்வயிறுமாயின், அது கருந்தலைச் சிற்றெறும்பு. மஞ்சள் உடலும் இரு கணுக்களுமாய் வீட்டினுள் வரிசையாகச் செல்வதாயின், பராவோன் எறும்பு. செந்நிறமும் பருத்த தலைகளும் மண்கூடும் கொட்டுதலுமாயின், செவ்வெறும்பு. நீண்ட காலும் நிலைகொள்ளா ஓட்டமுமாயின், ஓட்டக்கார எறும்பு. இவ்வளவை நினைவில் வைத்தாலே, நம் வீட்டுச் சூழலிற் காணும் சிற்றெறும்புகளிற் பலவற்றைப் பெயர் சொல்லி அழைக்கலாம்.

அடுத்து, கருந்தலைச் சிற்றெறும்பின் இருப்பிடத்தை ஆராய்வோம். பலர் இதன் புற்றைத் தேடிக் களைத்துப் போவர். இதற்குப் புற்று என்பதே கிடையாது. பூச்சாடியின் அடியிலும், காய்ந்த வாழைமடலின் இடுக்கிலும், பொந்தான சுள்ளியினுள்ளும், மரப்பட்டையின் கீழும், சுவர் வெடிப்பிலும், பழைய கடதாசிக் கட்டுகளிடையேயும் எங்கே சிறிது ஒதுக்கிடம் கிடைக்கிறதோ அங்கே இது தங்கும். ஈரம் மிகுந்தாலும் வெயில் மிகுந்தாலும், முட்டைகளையும் குடம்பிகளையும் வாயிற் கவ்விக்கொண்டு வேறிடம் பெயர்ந்துவிடும். ஒரு குடியிருப்பிலே அரசி ஒன்றல்ல. பல அரசிகள் இருக்கும். அவற்றுட் சில, ஒரு கூட்டம் தொழிலெறும்புகளுடன் பிரிந்து சென்று பக்கத்திற் புதுக்குடி அமைக்கும். இவ்வாறு ஒரே குடும்பம் அடுக்களையிலும் விறாந்தையிலும் தோட்டத்திலும் கிளை கிளையாகப் பரந்திருக்கக் காணலாம்.

இவ்வியல்பே இது உலகமெங்கும் பரவியதற்குக் காரணம். ஒரு பூச்சாடி கப்பலேறினால், அதனடியில் இருக்கும் குடியும் கப்பலேறிவிடுகிறது. 1793ஆம் ஆண்டிலே பபிரிசியசு என்னும் அறிஞர் இதற்கு முதன்முதல் விஞ்ஞானப் பெயர் இட்டபோது, அவர் கையிலிருந்த எறும்பு தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள கயேன் என்னும் ஊரிலிருந்து வந்ததாகும். குளிர்நாடுகளிலும், செடி வளர்ப்பதற்காக வெப்பமூட்டிய கண்ணாடி வீடுகளினுள்ளே இது வாழ்கிறது. மனிதன் சென்ற இடமெல்லாம் உடன்சென்று குடியேறும் இத்தகைய எறும்புகளை விஞ்ஞானிகள் நாடோடி எறும்புகள் என்பர். நாம் மேலே கண்ட நான்கும் நாடோடிகளே.

இதன் உணவு இனிப்பே. சீனி, தேன், பழச்சாறு ஆகியன கிடையாதபோது, செடிகளிற் சாறுறிஞ்சும் அசுவுணிகளும் மாப்பூச்சிகளும் வெளியிடும் இனிய நீரை நக்கும். செத்த பூச்சிகளையும் இழுத்துச் செல்லும். ஆகவே, சன்னலோரத்துப் பூச்செடியில் அசுவுணி பிடித்திருக்குமாயின், அடுக்களையில் எத்துணைத் துப்புரவாயிருந்தும் எறும்பு வருவது நிற்காது. காரணத்தை வெளியே வைத்துக்கொண்டு உள்ளே தேடுவதாற் பயனில்லை.

தொல்லை தீர்க்கும் வழியும் இதிலிருந்தே பெறப்படும். வரிசையைக் கண்டவுடன் நஞ்சுத் தெளிப்பானை எடுப்பது பலர் வழக்கம். அதனால் மடிவன வெளியே வந்த சில தொழிலெறும்புகளே. மறைவிலிருக்கும் அரசிகளுக்கு ஒன்றும் நேர்வதில்லை. பராவோன் எறும்பிலோ இன்னும் விபரீதம்: மருந்து தெளித்தால் ஒரு குடி பல குடிகளாகப் பிரிந்து அயல் அறைகளுக்கும் பரவும். முதலிற் செய்யவேண்டியது, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் எறும்புத் தடத்தைத் துடைத்தல். எறும்புகள் நிலத்தில் இட்டுச் செல்லும் வாசனைக் கோடு அதனால் அழிந்து, பின்வருவன வழி தவறும். சீனிப் பேணியை நீர் வார்த்த தட்டிலே வைப்பது நம் பாட்டிமார் கண்ட நல்லுபாயம். அதன்பின்னும் தொல்லை நீங்காவிடின், 100 பங்கு சீனித் தண்ணீருக்கு 1 பங்கு போரிக்கமிலம் கலந்து, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்திலே பஞ்சில் நனைத்து வைக்கலாம். மெதுவாகக் கொல்லும் இந்நஞ்சைத் தொழிலெறும்புகள் தாமே சுமந்து சென்று அரசிகளுக்கு ஊட்டிவிடும். முற்றத்துச் செவ்வெறும்போ இதனின் வேறானது. அதன் கூடு நிலத்தில் இருப்பதால், அடுக்களையிற் செய்யும் பரிகாரம் எதுவும் அதற்குத் தடையாகாது. பாருங்கள், இனம் அறிந்தபின்னரே மருந்து!

இனி, வீட்டிலிருந்து புறப்பட்டுக் காட்டை நோக்கிச் செல்வோம். கண்டி வாவியின் கரையிலே தலதா மாளிகை உள்ளது. அதன் பின்புறத்து மேட்டில் உயர்ந்து நிற்பதே உடவத்தகெலே என்னும் காடு. கண்டி அரசர்களின் அரண்மனைத் தோட்டமாயிருந்து, இன்று பாதுகாக்கப்பட்ட ஒதுக்குக் காடாக விளங்குவது. பரப்பு ஏறத்தாழ 104 ஹெக்டேயர். நகரத்து இரைச்சலிலிருந்து சில நிமிட நடைத்தூரத்திலே இத்தகைய காடு அமைந்திருப்பது கண்டி மக்கள் பெற்ற பேறு. மகாவலி கங்கை வளைந்து சூழும் பேராதனையிலே, 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்கா உள்ளது.

1892ஆம் ஆண்டிலே இயூஜேன் சிமோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலங்கைக்கு வந்தார். அவர் சிலந்திகளை ஆராய்பவர். ஆயினும் எறும்புகளையும் சேர்த்துச் சென்றார். அவ்வெறும்புகளை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி, 1893இல் அவற்றுள் ஒன்றை உலகம் அதுவரை அறியாத இனம் எனக் கண்டு, சிமோனின் பெயராலேயே அனியூரெற்றஸ் சிமோனி என்று பெயரிட்டார். கண்டி, பேராதனைச் சூழலிலே அக்காலத்திற் கிடைத்த எறும்பு அது.

அதன் தோற்றம் எத்தகையது? சில மில்லிமீற்றர் நீளமேயான பொன்மஞ்சள் நிறச் சிற்றெறும்பு. அறியாதார் பராவோன் எறும்பென்றே கொள்வர். கண்ணாடியால் நோக்கினால் வேறுபாடு வெளிப்படும். இடையிலே கணு ஒன்றே. அதுவும் நீண்ட காம்பின்மேல் வைத்தாற்போல் இருக்கும். மார்பின் பின்முனையில் இரு கூரிய முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இருப்பிடமும் வேறு. சுவரிடுக்கையும் பூச்சாடியையும் அது அறியாது. நிழலடர்ந்த காட்டிலே, சருகுப் படுக்கையில் ஈரம் ஊறிக் கிடக்கும் உக்கிய கட்டைகளும் சுள்ளிகளுமே அதன் வீடு. ஒரு குடியில் இருப்பவை நூற்றுக்கு மேற்படுவது அரிது.

இவ்வெறும்பின் சிறப்பு அதன் குலத்தில் உள்ளது. பால்டிக் கடற்கரையிலே, தொல்காலத்து மரப்பிசின் இறுகி உண்டான அம்பர் கிடைக்கிறது. அதனுள் அகப்பட்ட எறும்புகள் நான்கு கோடி ஆண்டளவு பழமையுடையவை. அவற்றினிடையே இவ்வெறும்பின் உறவினங்கள் உள்ளன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பாறைகளிலும் அவை பதிந்துள்ளன. ஒருகாலத்தில் வடவுலகிற் பரந்து வாழ்ந்த அவ்வெறும்புக் கிளையிலே, இன்று உயிரோடிருப்பது ஒரே ஓர் இனம். அஃது இலங்கையையன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இக்கிளைக்கு மிக நெருங்கிய உறவான கிளை எது தெரியுமா? நமது கருந்தலைச் சிற்றெறும்பு சேர்ந்துள்ள கிளையேதான். மூதாதையரின் கொட்டும் முள்ளைக் காட்டெறும்பு இன்றும் வைத்திருக்கிறது. அடுக்களை எறும்பின் கிளையோ முள்ளை இழந்து, வாடை வீசும் இரசாயனத்தைக் காவலாகக் கொண்டது. ஒன்று ஒரே தீவின் காட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. மற்றதோ உலகத்து அடுக்களைகளையெல்லாம் தனதாக்கிக்கொண்டது.

1955ஆம் ஆண்டிலே, எறும்பாராய்ச்சியிற் பின்னர் உலகப் புகழ் எய்திய எட்வேட் வில்சன் என்னும் அமெரிக்கர், இளைஞராக இலங்கைக்கு வந்தார். இவ்வெறும்பைத் தேடி அவர் உடவத்தகெலேக் காட்டினுட் புகுந்தார். சருகைக் கிளறியும் கட்டைகளைப் புரட்டியும் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் இரத்தினபுரிக்குச் சென்று, அதனை அடுத்த கிலிமலைக் காட்டிலே அதனை உயிருடன் கண்டார். அவரும் துணையாய்வாளர்களும் 1956இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, எறும்புக் குலத்தின் வளர்ச்சியிலே இது முக்கியமான இணைப்பு என்று எடுத்துக்காட்டிற்று. 1996இல் இவ்வினம் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதன்பின் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் முயன்று தேடி, ஈரவலயத்தின் வேறு சில காடுகளிலும் இதனைக் கண்டுள்ளனர். இஃது ஆறுதல் தரும் செய்தி. அவர்கள் கண்டதற்குக் காரணம், எதைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்று அறிந்திருந்தமையே.

ஒரு யானை மடிந்தால் ஊரே அறியும். ஒரு மரம் வீழ்ந்தால் வழிப்போக்கன் நின்று பார்ப்பான். உக்கிய கட்டையினுள் வாழும் எறும்பு அழிந்தால் அறிபவர் யார்? காட்டிலே கட்டைகளும் சருகும் கிடப்பதைக் குப்பை என்று கருதி அகற்றினால், அதன் வீட்டை அகற்றியவர்களாவோம். காட்டின் நிழல் குறைந்து வெளி உண்டாகும் இடங்களிலே, செவ்வெறும்பு போன்ற நாடோடிகள் வந்து குடியேறும். உடவத்தகெலேயிலேயே தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த பெரு பால்சம் மரம் பரவி, சுதேச மரங்களை நெருக்கி நிற்கிறது. வந்தேறிகளான மரத்தையும் எறும்பையும் வெறுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. வந்தவை எவை, முன்னிருந்தவை எவை என்று அறியாதவர்கள், முன்னிருந்தவற்றைக் காப்பது எப்படி?

ஆதலால், நேயர்களே, இந்த வாரம் உங்கள் இல்லத்துப் பிள்ளைகளிடம் ஒரு சிறு பணியை ஒப்படையுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில் ஐந்து நிரல்கள் கீறச் சொல்லுங்கள். நிறம், அளவு, இடையின் கணு, இருப்பிடம், தீண்டினாற் செய்வது என்பன அவை. அடுக்களையில் ஓர் எறும்பு, முற்றத்தில் ஓர் எறும்பு, மரத்தில் ஓர் எறும்பு என மூன்றைப் பார்த்து எழுதட்டும். நாளும் இடமும் குறிக்கட்டும். உடவத்தகெலேக்கோ ஹந்தானை மலைச்சாரலுக்கோ செல்லும்போது, எதனையும் பிடிக்காமலும் கட்டைகளைப் புரட்டாமலும், தடத்தின் ஓரத்தில் நின்று பார்க்கட்டும். ஒதுக்குக் காட்டிலே பார்வை ஒன்றே நமக்கு உரிமையானது. ஆண்டுதோறும் இவ்வாறு எழுதப்படும் கொப்பிகள் ஒரு பாடசாலையிற் சேருமாயின், அவ்வூரின் எறும்புகளுக்கு ஒரு பதிவேடு உண்டாகிவிடும். எது பெருகுகிறது, எது அருகுகிறது என்பதைப் பின்வருவோர் அதைக் கொண்டு சொல்லலாம்.

பத்தொன்பது ஆண்டு காவலில் இருந்த ஒரு மாலுமி, கண்டிக் கிராமத்தாரிடம் கேட்டு ஆறு வகைகளைப் பிரித்து எழுதினார். காவலின்றிச் சுதந்திரமாக வாழும் நாம், நம் வீட்டு வாசலில் ஊரும் மூன்றையாவது பிரித்தறியலாமன்றோ?